நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது

அமெரிக்க செனட்டில் ஒரு வாக்கெடுப்பு எப்போது முடிகிறது? என்னிடம் இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு தவறான பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். கடைசிப் பெயரைக் கூப்பிட்டதும் முடியும் என்பார்கள். கடிகாரத்தில் பதினைந்து நிமிடம் ஆனதும் முடியும் என்பார்கள். இரண்டும் இல்லை. மேலே நாற்காலியில் இருப்பவர் முடிவை வாய்விட்டு அறிவிக்கும் நொடி வரை அது முடிவதே இல்லை. அதுவரை யார் வேண்டுமானாலும் எழுந்து தன் வாக்கை மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சின்ன இடைவெளியை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கும். அந்த வியாழக்கிழமை நடந்தது முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் நடந்தது.

நான் நடீன் ஒவெல்டன். செனட்டர்கள் நூறு பேரின் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவது என் வேலை. கீழ்த்தளத்தில், தலைமை நாற்காலிக்கு முன்னால் ஒரு நீள மேசை இருக்கிறது. அங்கே நான் நின்றுகொண்டு கூப்பிடுவேன். கூப்பிட்டவர் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ சொல்வார். தாமதமாக வருகிறவர்கள் மேசைக்கு முன்னால் வந்து என் கண்ணைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்கள், அல்லது கவிழ்ப்பார்கள். அதை அவர் பெயரோடு சேர்த்து நான் உரக்கச் சொல்வேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரூஃபஸ் தாளில் கோடு போடுவான். இதே கட்டடத்தின் மறுகோடியில் பிரதிநிதிகள் சபை இருக்கிறது. அவர்கள் அட்டையைச் சொருகிப் பொத்தானை அழுத்துவார்கள், சுவரில் விளக்கு எரியும். எங்களிடம் பொத்தான் கிடையாது. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் முகத்தைப் பார்த்துத்தான் இங்கே போருக்குப் போக வேண்டும்.

போர் என்று சும்மா சொல்லவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு தீவுநாடு எங்கள் சரக்குக் கப்பல் ஒன்றைப் பிடித்து, முப்பத்தொரு மாலுமிகளைச் சிறை வைத்திருந்தது. அந்த நாட்டின் மேல் படையெடுக்க அதிபருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டுக்கு வந்தது. "படையெடுப்பதில்லை என்று நீங்கள் முடிவெடுத்த நாளிலிருந்து பத்து நாளில் அவர்களை விட்டுவிடுகிறோம்" என்று அந்த நாடு நடுவர் ஒருவர் மூலம் எழுத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. காத்திருக்கலாமா, கூடாதா? சண்டை முழுக்க அதில்தான்.

காத்திருக்கலாம் என்றவர்களுக்கு முன்னால் நின்றவர் வடக்கு டகோட்டா மாநிலத்தின் செனட்டர் ஐடா ஹால்வர்சன். ஒல்லியான பெண்மணி, அறுபத்தாறு வயது. குரலை உயர்த்தவே மாட்டார். கோதுமை விலை பேசுவதுபோலவே போரைப் பற்றியும் பேசுவார். அவரை இந்தக் கதையின் சிக்கலில் மாட்டவைத்தது அவருடைய நல்ல குணம்தான். கொஞ்சம் கணக்குப் பிழையும்.

வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பு, சபை கலைந்த மாலையில், அவரும் ஓக்லஹாமாவின் மெர்ல் டக்கெட்டும் எங்கள் மேசைக்கு வந்தார்கள். டக்கெட் தீர்மானத்தை ஆதரிப்பவர். இருபது வருடமாக இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. இருபது வருடமாக இருவரும் புதன்கிழமைகளில் ஒரே மேசையில் அவரைக்கொட்டைக் கஞ்சி குடித்துவந்தார்கள். அந்தக் கஞ்சி எங்கள் செனட் உணவகத்தில் தினமும் உண்டு, கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

"ஐடா, ஓப்பலுக்கு வர்ற வியாழக்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் பண்றாங்க" என்றார் டக்கெட். ஓப்பல் அவர் மனைவி. "நான் பக்கத்துல இல்லேன்னா, பிழைச்சு எந்திரிச்சு வந்து என்னைக் கொன்னுடுவா."

"போ மெர்ல். நான் உனக்கு ஜோடி நிக்கிறேன்."

"நிஜமாவா? தபால் ஆபீசுக்குப் பேர் வைக்கிற ஓட்டு இல்லம்மா இது. சண்டை ஓட்டு."

"உன் பக்கம் அம்பத்தெட்டு பேர் இருக்காங்க. என் ஒத்தை ஓட்டை வச்சுக்கிட்டு நான் என்ன கோட்டையா பிடிக்கப் போறேன்? போய் ஓப்பல் கையைப் பிடிச்சுக்கோ."

"ரூஃபஸ், நடீன், நீங்க ரெண்டு பேரும் சாட்சி. ஓப்பல் கேட்டா சொல்லணும்" என்று டக்கெட் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவுதான்.

ஜோடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். இங்கே ஒருவர் வரமுடியாமல் போனால், எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் அவருக்காகத் தன் வாக்கையும் போடாமல் நிறுத்திக்கொள்வார். இல்லாதவரால் ஒரு பக்கத்துக்கு நட்டம் வரக்கூடாது என்பதற்காக, இருப்பவர் தன் பக்கத்திலும் ஒன்றைக் குறைத்துக்கொள்கிறார். இது எந்த விதிப்புத்தகத்திலும் கட்டாயமாக எழுதப்படவில்லை. மீறினால் தண்டனை கிடையாது, ஆட்சேபம் எழுப்பவும் வழி கிடையாது. வெறும் கைகுலுக்கல். ஆனால் அந்தக் கைகுலுக்கலை நம்பித்தான் நூறு பேரும் மகள் கல்யாணத்துக்கும் அப்பாவின் சாவுக்கும் ஊருக்குப் போய்வருகிறார்கள்.

அடுத்த ஐந்து நாளும் ஹால்வர்சன் வேலை பார்த்தார். மேடைப் பேச்சைவிட நடைக்கூடப் பேச்சில்தான் அவர் கைதேர்ந்தவர். ஒவ்வொருவராகப் பிடித்து அந்தப் பத்து நாள் கடிதத்தின் நகலைக் கையில் கொடுத்து, "படிச்சுப் பாரு, பிடிக்கலேன்னா கிழிச்சுப் போடு" என்பார். ரூஃபஸ் ஒரு மஞ்சள் நோட்டில் பென்சிலால் எண்ணிக்கை வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை ஐம்பத்தெட்டுக்கு நாற்பத்திரண்டு. திங்கட்கிழமை ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து. செவ்வாயன்று ஐம்பத்திரண்டு. புதன் மாலை அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

"நடீன், இங்க வாயேன். இதைப் பாரு."

பார்த்தேன். ஐம்பதுக்கு ஐம்பது.

"டக்கெட் ஊர்ல இல்ல. அவரைக் கழி" என்றான். "ஆம் நாப்பத்தொம்பது, இல்லை அம்பது. ஐடாம்மா ஜெயிச்சாச்சு. இப்ப ஜோடியைக் கழி."

கழித்தேன். நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது.

சமமாக வந்தால் என்ன ஆகும்? சாதாரணமாகத் தீர்மானம் தோற்கும். ஆனால் செனட்டின் தலைமை நாற்காலி துணை அதிபருக்கு உரியது. அவருக்கு வாக்கு கிடையாது, வாக்குகள் சமமாக நிற்கும்போது மட்டும் உண்டு. அந்தத் துணை அதிபர் தான் எந்தப் பக்கம் என்பதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆக, ஹால்வர்சன் வாய் திறந்து "இல்லை" என்றால் போர் இல்லை. வாக்கைக் காப்பாற்றினால் போர்.

"எட்டு பேரை மாத்தினாங்க" என்றான் ரூஃபஸ். "ஒவ்வொருத்தரை மாத்தும்போதும் தனக்கே ஒரு முடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. ஏழோட நிறுத்தியிருந்தா நிம்மதியாத் தோத்திருக்கலாம்."

வியாழக்கிழமை மதியம், வாக்கெடுப்புக்கு அரைமணி நேரம் முன்பு, ஹால்வர்சன் கேட்டிருந்த பழைய வாக்குத்தாள்களின் நகல்களை எடுத்துக்கொண்டு சபைக்குப் பின்னாலிருந்த நடைக்கூடத்துக்குப் போனேன். கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். வெளியே மூடுபனியில் எதிர்க்கட்டடம்கூடத் தெரியவில்லை.

தாள்களை ஒவ்வொன்றாக விரித்தேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதியே இதுதான், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு, பிரிட்டனோடு முதன்முதலாகப் போரை அறிவித்தபோது பத்தொன்பதுக்குப் பதிமூன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் ஜெர்மனியோடு எண்பத்திரண்டுக்கு ஆறு. நாற்பத்தொன்றில், துறைமுகத்தில் குண்டு விழுந்த மறுநாள், எண்பத்திரண்டுக்குப் பூஜ்யம். அறுபத்துநான்கில் வியட்நாமுக்கு எண்பத்தெட்டுக்கு இரண்டு. தொண்ணூற்றொன்றில் வளைகுடாவுக்கு ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தேழு. இரண்டாயிரத்திரண்டில் எழுபத்தேழுக்கு இருபத்துமூன்று.

"இதுல மக்கள் எதைக் கேட்டு வருவாங்க தெரியுமா மேடம்?" என்றேன். "எண்பத்தெட்டு யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அந்த ரெண்டு பேர் யாருன்னுதான் கேப்பாங்க."

"கொரியா எங்கே?"

"கொரியாவுக்கு ஓட்டே நடக்கல மேடம். தாளே இல்ல."

அவர் தலையசைத்தார். பிறகு முதல் தாளுக்குத் திரும்பிப் போனார். "இது என்ன, பதினாறுக்குப் பதினாறு?"

எனக்குக் குஷி பிறந்துவிட்டது. "அதுவும் பன்னிரண்டாம் வருஷம்தான். முழுப் போர் வேண்டாம், கடல்ல மட்டும் பதிலடி குடுக்கலாம்னு சில பேர் சொன்னாங்க. அது சமமாப் போச்சு. ரெண்டு மாசம் முன்னாடிதான் துணை அதிபர் செத்துப்போயிருந்தார். சமத்தை உடைக்க ஆளே இல்ல, அதனால அந்த யோசனை விழுந்துபோச்சு. அதுக்கப்புறம்தான் முழுப் போர்."

"இன்னிக்கு நம்ம ஆள் நல்லாவே உயிரோட இருக்கார்" என்றார் ஹால்வர்சன், கஞ்சியைக் கிளறிக்கொண்டே.

"இருக்கார், ஆனா பனிமூட்டத்துல ஹெலிகாப்டரை எடுக்க விடலையாம்" என்று ஒரு குரல் கேட்டது. வட கரோலினாவின் எமெட் லாசிட்டர். கடற்படையில் இருந்தவர், தீர்மானத்துக்கு "ஆம்" என்பவர், எல்லோரையும் சீண்டுகிறவர். "கார்ல வர்றாராம். ஐடா, நான் ஒரு பந்தயம் கட்டட்டுமா? மெர்லோட ஜோடியை நீ இன்னிக்குத் தூக்கிக் கடாசிடுவே."

"அப்படியா?"

"உன் இடத்துல நான் இருந்தா கடாசிடுவேன். தப்புன்னு சொல்லலையே! அதைத்தான் ஒரு வாரமா உனக்குச் சொல்லிட்டிருக்கேன். பத்து நாள்ல விட்டுடறோம்னு அந்த ஊர்க்காரன் எழுதிக் குடுத்திருக்கான். எழுதும்போது யாரும் பொய் சொல்ல மாட்டான். விலை ஏறும்போதுதான் வாக்கு காத்துல போகும். மனுஷன் அவ்வளவுதான்மா. அதுக்குத்தான் கப்பல், பீரங்கி எல்லாம்."

"உன் கஞ்சி ஆறுது எமெட், போய்க் குடி."

அவர் சிரித்துக்கொண்டே போனார். ஹால்வர்சன் சுவரோரத் தொலைபேசியை எடுத்து, ஓக்லஹாமாவில், டல்சா நகரத்தில் ஓப்பல் இருந்த மருத்துவமனைக்குப் போட்டார். நான் தாள்களை அடுக்கத் தொடங்கினேன். வேண்டுமென்றே மெதுவாக அடுக்கினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு வார்த்தை போதும். "மெர்ல், என்னை விட்டுடு" என்று கேட்டால், அவர் சரி என்றால், ஜோடி கலைந்துவிடும். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

மறுமுனையில் டக்கெட்டின் மகள் ட்ரூடி பேசினாள். அவள் குரல் பெரியது, எனக்கே கேட்டது. "அம்மாவை இப்பதான் உள்ளேயிருந்து கொண்டு வந்தாங்க ஆன்ட்டி. இன்னும் கண் திறக்கல. அப்பா பக்கத்துலயே உக்காந்திருக்கார், கையை விடமாட்டேங்கறார். கூப்பிடட்டுமா?"

ஹால்வர்சன் தொலைபேசியின் கம்பிச்சுருளை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"வேண்டாம்மா. கையை விடச் சொல்லாதே. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கத்தான் போட்டேன்."

வைத்துவிட்டார். வாக்கெடுப்பு மணி அடித்தது.

இந்த மாதிரிப் பெரிய வாக்கெடுப்பில் எல்லோரும் அவரவர் மேசையில் உட்கார்ந்து, பெயர் கேட்டதும் எழுந்து நின்று வாக்களிப்பது வழக்கம். அன்று நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் வந்திருந்தார்கள். மேலே பார்வையாளர் மாடத்தில் மாலுமிகளின் குடும்பங்கள் ஒரு பக்கம், படைக்குப் புறப்பட ஆணை வந்தவர்களின் குடும்பங்கள் மறுபக்கம். யாரும் கைதட்டக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். தலைமை நாற்காலியில் ஓர் இளம் செனட்டர் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தார்.

நான் கூப்பிடத் தொடங்கினேன்.

ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை. என் குரல் என் காதுக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "செனட்டர் டக்கெட்" என்றேன். காலி மேசை. ஓரிரு நொடி விட்டு அடுத்த பெயருக்குப் போனேன். பக்கத்தில் ரூஃபஸின் பேனா தாளை விட்டு நகரவே இல்லை.

"செனட்டர் ஹால்வர்சன்."

அவர் எழவில்லை. மேசைமேல் இரண்டு கையையும் வைத்து என்னைப் பார்த்தார். மாடத்தில் சலசலப்பு. முதல் சுற்றில் பதில் சொல்லாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

"செனட்டர் லாசிட்டர்."

"ஆம்!" மாலுமியின் தொண்டை. மாடம் வரை போய்த் திரும்பி வந்தது.

கடைசிப் பெயர் முடிந்தது. ரூஃபஸ் தாளை என் பக்கம் தள்ளினான். எண்ணத் தேவையே இருக்கவில்லை. நாற்பத்தொன்பதுக்கு நாற்பத்தொன்பது. அவன் மஞ்சள் நோட்டு ஒரு பெயரில்கூடத் தப்பவில்லை.

அப்போது ஹால்வர்சன் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, இந்த ஓட்டுல ஓக்லஹாமா செனட்டர் டக்கெட்டோட எனக்கு ஜோடி இருக்கு. அவர் இங்க இருந்திருந்தா 'ஆம்'னு சொல்லியிருப்பார். ஓட்டுப் போட எனக்குச் சுதந்திரம் இருந்திருந்தா நான் 'இல்லை'ன்னு சொல்லியிருப்பேன். அதனால என் ஓட்டை நிறுத்திக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். அவர் குரல் நடுங்கவில்லை. அதை நான் உரக்கத் திருப்பிச் சொன்னேன்.

இப்போது துணை அதிபர் வரவேண்டும். அவர் வராமல் முடிவை அறிவித்தால் தீர்மானம் தோற்றது. அதனால் பெரும்பான்மைத் தலைவர், அவர் தீர்மானத்தின் பக்கம், வாக்கெடுப்பை மூடவிடாமல் திறந்தே வைத்திருந்தார். பதினைந்து நிமிடம் தாண்டியது. இருபது. இருபத்தைந்து. எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "வழக்கப்படி முடிங்கய்யா! கடிகாரம் ஓடுதா, தூங்குதா?"

"துணை அதிபர் பாலத்தைத் தாண்டிட்டார்" என்றார் பெரும்பான்மைத் தலைவர்.

"போன தடவை கேட்டப்பவும் அதே பாலம்தான்!"

கொஞ்சம் சிரிப்பு எழுந்து உடனே செத்தது. ரோட் ஐலண்டின் செனட்டர் பெலுச்சி, ஹால்வர்சன் மாற்றிய எட்டுப் பேரில் ஒருவர், தன் மேசையை விட்டு வந்து அவர் முன்னால் நின்றார். அவர் முகம் சிவந்திருந்தது. எங்கள் மேசைக்கு நாலடி தூரம். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஐடா, இன்னும் முடியல. இன்னும் நேரம் இருக்கு. எந்திரிச்சு ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்லிட்டேன் கார்மைன்."

"நீ கேட்டேன்னுதானே நான் மாறினேன்? எங்க ஊர்ல என்னைக் கோழைன்னு போஸ்டர் ஒட்டியிருக்கான். உன்னை நம்பி அந்தப் பேரை வாங்கிக்கிட்டேன். இப்ப அந்த மாடத்தைப் பாரு. அதுல பாதிப் பேரோட பிள்ளைங்க நாளைக்குக் கப்பல் ஏறணும். அவ்வளவு உசுருக்கு மேல உனக்கு உன் நல்ல பேருதான் பெருசா?"

அடி விழுந்தது தெரிந்தது. ஹால்வர்சன் மாடத்தைப் பார்த்தார். நிஜமாகவே நிமிர்ந்து, ஒரு வரிசை விடாமல் பார்த்தார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தது. எழப்போகிறார் என்று நினைத்தேன். ரூஃபஸும் நினைத்தான், பேனாவைத் தூக்கிவிட்டான்.

"பேரு இல்ல கார்மைன்" என்றார். குரல் இப்போதுதான் உடைந்தது. "ஒரு வாரமா உங்ககிட்ட எல்லாம் என்ன கேட்டேன்? ஒருத்தன் குடுத்த வாக்கைப் பத்து நாள் நம்பிப் பாருங்கன்னு கேட்டேன். அவன் நமக்கு எதிரி. இங்க என்கிட்ட வாக்கு வாங்கினவன் என் சிநேகிதன், பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். இவனுக்குக் குடுத்ததையே நான் ஒரு வாரம் காப்பாத்தலேன்னா, அவன் பத்து நாள் காப்பாத்துவான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? அப்புறம் எமெட் சொல்றதுதான் சரி. எல்லாத்துக்கும் பீரங்கிதான்."

பெலுச்சி தன் மேசைக்குத் திரும்பிப் போனார். நடைவழிக்கு அந்தப் பக்கம் லாசிட்டர் உட்கார்ந்திருந்தார். தன் பெயரைக் கேட்டதும் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் மேசைகளின் இழுப்பறைகளில் முன்பு அங்கே உட்கார்ந்தவர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள்.

கதவு திறந்தது. துணை அதிபர் வந்துவிட்டார்! மேல்கோட்டில் பனித்துளி அப்படியே இருந்தது. கிட்டத்தட்ட ஓடி வந்தார். இளம் செனட்டர் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். துணை அதிபர் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், கைப்பிடியில்லாத அந்தச் சின்னத் தந்தச் சுத்தியலைக் கையில் எடுத்தார். பெரும்பான்மைத் தலைவர் தலையசைத்தார். ரூஃபஸ் எண்ணிக்கை எழுதிய சீட்டை மேலே நீட்டினான். துணை அதிபர் அதை வாங்கிப் படித்தார், கனைத்தார், வாயைத் திறந்தார்.

"தலைவர் அவர்களே!"

லாசிட்டர் நின்றுகொண்டிருந்தார்.

"நான் எப்படிப் பதிவாகியிருக்கேன்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் சபையில் ஒரே அர்த்தம்தான். தன் வாக்கு என்னவென்று யாருக்கும் மறந்துபோவதில்லை. கூடம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தது. பதில் சொல்ல வேண்டியவள் நான். ரூஃபஸின் தாளைக் குனிந்து பார்த்தேன்.

"செனட்டர் லாசிட்டர் 'ஆம்' என்று பதிவாகியிருக்கிறார்."

அவர் மேசையை விட்டு நடந்து எங்கள் முன்னால் வந்தார். வழியில் ஹால்வர்சனின் மேசையருகே ஒரு நொடி நின்றார். "பந்தயத்துல தோத்தவன் குடுக்கணும் இல்ல?" என்றார் மெதுவாக. "பத்து நாள்தான். பதினோராம் நாள் நானே கப்பலை ஓட்டிக்கிட்டுப் போவேன்." பிறகு என் கண்ணைப் பார்த்தார். கையை நீட்டினார். கட்டைவிரல் கவிழ்ந்தது.

"செனட்டர் லாசிட்டர், இல்லை!"

இவ்வளவு உரக்க நான் அதுவரை எந்தப் பெயரையும் சொன்னதில்லை. ரூஃபஸ் ஒரு கோட்டை அடித்து, எதிர்ப்பக்கம் ஒன்றைப் போட்டான். நாற்பத்தெட்டுக்கு ஐம்பது. அதைப் புதுச் சீட்டில் எழுதி மேலே நீட்டினான். துணை அதிபர் சீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். சமம் இல்லை என்றால் அவருக்கு வாக்கு இல்லை. பனிமூட்டத்தில் அவ்வளவு தூரம் வந்தது, முடிவைப் படிப்பதற்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டது.

"ஆம் நாற்பத்தெட்டு. இல்லை ஐம்பது. ஜோடி காரணமாக வாக்களிக்காதவர் ஒருவர்." நிறுத்தினார். "தீர்மானம் நிறைவேறவில்லை."

சுத்தியல் விழுந்தது. இப்போதுதான் முடிந்தது.

கைதட்டக்கூடாது என்ற உத்தரவு மாடத்தின் ஒரு பாதியில் மறந்துபோனது. மறுபாதி, மாலுமிகளின் குடும்பங்கள், அப்படியே உட்கார்ந்திருந்தது. ஹால்வர்சன் கைதட்டியவர்களைப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைத்தான் பார்த்தார், அவர்கள் எழுந்து வெளியே போகும் வரை.

திங்கட்கிழமை டக்கெட் திரும்பி வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக எங்கள் மேசைக்கு வந்து வாக்குத்தாளைக் கேட்டார். ஹால்வர்சனும் அங்கேதான் இருந்தார். பத்து நாளில் இன்னும் ஆறு நாள் பாக்கி. அவர் தினமும் காலையில் முதல் வேலையாக, செய்தி ஏதாவது வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் வரவில்லை.

"ஓப்பல் எப்படி இருக்கா?"

"நர்ஸை எல்லாம் திட்டுறா. பிழைச்சுட்டா." டக்கெட் கண்ணாடியைப் போட்டுத் தாளை மேலிருந்து கீழே விரலால் தடவினார். அடியில், தனியாக இருந்த ஒற்றை வரியில் விரல் நின்றது. அவர் பெயரும் ஹால்வர்சன் பெயரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "நான் வந்திருந்தா அம்பதுக்கு அம்பது. துணை அதிபர் அடிச்சு முடிச்சிருப்பார். ஜெயிச்சிருப்பேன்."

"ஆமா."

"நீ வாக்கை மீறியிருந்தா?"

"நாப்பத்தொம்பதுக்கு அம்பது" என்றான் ரூஃபஸ். யாரும் அவனைக் கேட்கவில்லை. "அப்பவும் நீங்க தோத்திருப்பீங்க ஐயா."

"அப்ப மீறினாலும் தோல்வி, மீறலேன்னாலும் தோல்வியா? இதென்னடா கணக்கு!" டக்கெட் தாளை மடித்தார், மறுபடி பிரித்தார். "ட்ரூடி சொன்னா. நீ போன் பண்ணினியாமே, என்னைக் கூப்பிட வேண்டாம்னுட்டியாம்."

"உன் கை வேலையா இருந்துச்சு."

அவர் தாளை மடித்து மேசைமேல் வைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினார். "அடுத்த மாசம் ஓப்பலை மறுபடி டல்சாவுக்குக் கூட்டிட்டுப் போகணும். தேதி இன்னும் சொல்லல. ஜோடி நிப்பியா?"

ஹால்வர்சன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு ரூஃபஸைப் பார்த்தார்.

"அந்த மஞ்சள் நோட்டை எடு" என்றார். "முதல்ல எண்ணிச் சொல்லு."

ரூஃபஸ் நோட்டைத் தேடிக் குனிந்தான். அவன் நிமிர்வதற்குள் அவர்கள் கைகுலுக்கி முடித்துவிட்டார்கள்.